சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லாமல்: மிக நீண்ட விமானச் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறைந்த வான்வழித் தூரம் 15,349 கிலோமீட்டர். பயணிகளை ஏற்றிக்கொண்டு, வழியில் எங்கும் தரையிறங்காமல் நாள்தோறும் இயங்கும் சேவைகளில் இதை எழுதும் வரை இதைவிட நீண்டது வேறில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் நடத்தும் இச்சேவையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் சாதனையை வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பயணச்சீட்டுக்குப் பணம் கொடுக்கவிருப்பவருக்கு அந்த வியப்பால் பயன் இல்லை. தூரம் எவ்வளவு, அதைக் கடக்க உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது, இடையில் நின்று செல்லும் பயணத்தோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் நேரம் கொடுக்கும் கூடுதல் கட்டணத்துக்கு ஈடாகுமா என்பவையே அவருக்குத் தேவையான விடைகள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிங்கப்பூரிலோ அதற்குக் கிழக்கிலோ தெற்கிலோ பயணத்தைத் தொடங்குகிறவர்களுக்கு இது மிகச் சிறந்த சேவை, சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ புறப்படுகிறவர்களுக்கு, சிங்கப்பூரில் வேறு வேலை இல்லையென்றால், இது தவறான தேர்வு.

தூரக் கணக்கிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் இந்தச் சேவையைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் அங்கேதான் பிறக்கின்றன. சிங்கப்பூர் ஏறக்குறைய 104 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது; நியூயார்க் ஏறக்குறைய 74 பாகை மேற்கில். இரண்டையும் கூட்டினால் 178 பாகை வருகிறது. அதாவது, புவியுருண்டையின் உச்சியிலிருந்து பார்த்தால் இவ்விரு நகரங்களும் கிட்டத்தட்ட எதிரெதிர்த் திசைகளில் அமைந்திருக்கின்றன. தட்டையான வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பசிபிக் பெருங்கடல் வழியாகவோ ஐரோப்பா வழியாகவோ ஒரு கோடு இழுத்து அதுவே குறுக்குவழி என்று நினைப்பது இயல்பு. உருண்டையின் மீது நூலைப் பிடித்து அளந்தால் விடை வேறாக இருக்கும். மிகக் குறுகிய பாதை சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே கிளம்பி, இந்தோசீனா, மேற்குச் சீனா, மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் சென்று, பிறகு கனடாவின் வடகோடித் தீவுகள், கியூபெக் வழியாகத் தெற்கே இறங்கி நியூயார்க்கை அடைகிறது. உலகின் எந்த இரு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இப்பயணம் அந்த எல்லையில் நான்கில் மூன்று பங்கைத் தாண்டிவிடுவது விளங்கும்.

ஆனால் விமானம் எல்லா நாள்களிலும் அந்தக் குறுகிய கோட்டைப் பின்பற்றுவதில்லை. 2018இல் இச்சேவையை அறிவித்தபோது நிறுவனமே ஏறக்குறைய 16,700 கிலோமீட்டர் என்றும், பயண நேரம் 18 மணி 45 நிமிடம் வரை ஆகும் என்றும்தான் குறிப்பிட்டது. குறைந்தபட்சத் தூரத்தைவிட 1,300 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறப்பதற்குக் காரணம் காற்று. நடு அட்சரேகைகளின் மேல் வானத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டுவது வழக்கம். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானம் ஜப்பானை ஒட்டி வடபசிபிக்கைக் கடந்து சென்றால் அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளும். தூரம் கூடினாலும் நேரம் குறையும். 2018 அக்டோபர் 11 அன்று, நியூயார்க்கை அடுத்துள்ள மற்றொரு விமான நிலையமான நியூவர்க்குக்குக் கிளம்பிய முதல் விமானம் 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. 16,700 கிலோமீட்டரை அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 930 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக வருகிறது. இவ்வகை விமானம் காற்றில்லாத வானில் பறக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர்தான் என்பதால், மிச்சமான வேகம் முழுவதும் காற்று கொடுத்த கொடை.

இந்தப் பாதையின் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி திரும்பும் பயணத்தில் இருக்கிறது. இரு நகரங்களும் எதிரெதிர் முகமாக இருப்பதால் கிழக்காகச் சென்றாலும் மேற்காகச் சென்றாலும் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே நியூயார்க்கிலிருந்து திரும்பும் விமானம் பல நாள்களில் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து, மறுபடியும் கிழக்கு நோக்கியே, மறுபடியும் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் வந்து சேர்கிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. போய்த் திரும்பியவர் தம்மை அறியாமலேயே உலகை ஒரு முறை சுற்றிவிடுகிறார். பெரும்பாலான நெடுந்தூரப் பயணங்களில் ஒரு திசைக்குப் பின்காற்றும் மறுதிசைக்கு எதிர்க்காற்றும் வாய்க்கும். இரு திசையிலும் பின்காற்றைத் தேடிப் போகும் வசதி உள்ள பாதைகள் அரிது. இருக்கையின் முன்னுள்ள திரையில் பறக்கும் பாதையைக் காட்டும் வரைபடத்தை, திரைப்படங்களை ஒதுக்கிவிட்டுக்கூடப் பார்க்கும்படி இப்பயணிகளுக்குப் பரிந்துரைப்பேன்.

இச்சேவைக்கு முன்வரலாறு ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் இன்றைய கட்டணத்தின் காரணம் புரியும். 2004 ஜூன் மாதத்தில் இதே நிறுவனம் சிங்கப்பூருக்கும் நியூவர்க்குக்கும் இடையே ஏர்பஸ் ஏ340-500 விமானங்களைக் கொண்டு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. நான்கு எஞ்சின்கள் கொண்ட அந்த விமானம் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருள் கொள்ளக்கூடியது. நெடுந்தூரப் பயணத்தின் பொருளாதாரம் இரக்கமற்றது: கடைசி மணி நேரத்தில் எரிக்கவேண்டிய எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் சுமந்து செல்லவேண்டும், அதைச் சுமப்பதற்கே இன்னும் எரிபொருள் வேண்டும். 2008இல் அந்த விமானங்களின் உள்ளமைப்பை மாற்றி, பிசினஸ் வகுப்பு மட்டுமே கொண்ட 100 இருக்கைகளாகக் குறைத்தார்கள். எரிபொருள் விலை ஏறிய காலத்தில் அதுவும் கட்டுப்படியாகாமல், 2013 நவம்பரில் சேவை நிறுத்தப்பட்டது. அதன்பின் ஐந்தாண்டுகள் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்ல இடையில் எங்காவது நிற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

2018 அக்டோபரில் சேவை உயிர்பெற்றதற்கு ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தூரப் பயணத்துக்கான வகை) என்னும் விமானமே காரணம். இரண்டே எஞ்சின்கள், உடற்பகுதியில் பாதிக்கு மேல் கரிம இழைக் கலவைப் பொருள்கள். கூடுதல் தொட்டி எதையும் பொருத்தாமல், இருக்கும் தொட்டிகளின் அமைப்பையே திருத்தி, வழக்கமான ஏ350-900 கொள்ளும் 1,41,000 லிட்டருக்குப் பதிலாக 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். முன்புறச் சரக்கறை பயன்பாட்டில் இல்லை. உள்ளே 161 இருக்கைகள்தாம்: பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமி வகுப்பில் 94. சாதாரண எகானமி வகுப்பு அறவே கிடையாது. இதே அளவுள்ள விமானத்தில் மற்ற நிறுவனங்கள் முந்நூறு பேர்வரை ஏற்றுவதுண்டு என்பதோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு பயணியும் ஏறக்குறைய இருவருக்கான எடையின் செலவைத் தாங்குகிறார் என்பது தெரியும். எடையைக் குறைத்தால்தான் தூரத்தை எட்டமுடியும் என்ற பொறியியல் நியாயத்தை நான் மறுக்கவில்லை. என்றாலும், படிக்கப் போகும் மாணவரும் பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இச்சேவையிலிருந்து விலக்கப்பட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தம் தருவது. உலகின் மிக நீண்ட பயணத்தில் உடலை வருத்தாமல் செல்லவேண்டியவர்கள் அவர்கள்தாம்.

இருக்கைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் பதினெட்டு மணி நேரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இருக்கையே பயணத்தைத் தீர்மானிக்கிறது. பிரீமியம் எகானமியில் வரிசைக்கு இரண்டு, நான்கு, இரண்டு என்ற அமைப்பு. முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையே 38 அங்குலம். இருக்கையின் அகலம் 18.5 முதல் 19.5 அங்குலம், கால் தாங்கியும் கெண்டைக்கால் தாங்கியும் உண்டு. வழக்கமான எகானமி வகுப்பில் இந்த இடைவெளி 32 அங்குல அளவில்தான் இருக்கும் என்பதால், இந்த ஆறு அங்குலம் முழங்கால்களுக்குப் பெரிய விடுதலை. இருப்பினும் இது படுக்கை அன்று. முதுகைச் சாய்த்து அரைத் தூக்கம் தூங்கலாம், ஒருக்களித்துப் படுக்கமுடியாது. நடுவிலுள்ள நான்கு இருக்கைகளின் உட்புற இரண்டில் அமர்பவர், நடைவழிக்கு வர ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உறங்குபவரை எழுப்பவேண்டும். தனியாகச் செல்பவர் அந்த இரண்டை எந்த விலைக்கும் ஏற்கக்கூடாது என்பது என் திடமான கருத்து. விமானத்தின் வால்பகுதி குறுகத் தொடங்கும் கடைசி மூன்று வரிசைகளில், சன்னலோரம் இரண்டுக்குப் பதிலாக ஒற்றை இருக்கை வைத்திருக்கிறார்கள். யாரையும் தாண்டாமல் எழுந்து நடக்கலாம், சன்னலும் சொந்தம், பக்கவாட்டில் பொருள் வைக்கும் பெட்டியும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு, எண்ணிக்கை மொத்தம் ஆறுதான் என்பதால் சீக்கிரம் போய்விடும். இந்தச் சேவையில் கூடுதல் பணம் செலவிடத் தகுந்த ஒரே இடம் எது என்று கேட்டால் இந்த ஒற்றை இருக்கைகளைத்தான் காட்டுவேன்.

பிசினஸ் வகுப்பில் ஒன்று, இரண்டு, ஒன்று என்ற அமைப்பில் எல்லாருக்கும் நேரடியாக நடைவழி கிடைக்கிறது. 28 அங்குல அகலம் அந்த வகுப்பின் பொதுவான அளவைவிடத் தாராளம். படுக்கையாக மாற்றுவதற்கு எழுந்து நின்று, முதுகுப் பலகையை முன்பக்கமாகக் கவிழ்க்கவேண்டும். 78 அங்குல நீளமுள்ள தட்டையான படுக்கை கிடைக்கும். கால் வைக்கும் குழி நேராக இல்லாமல் ஒரு மூலையில் இருப்பதால், உடலைக் கோணலாகக் கிடத்தித்தான் உறங்கவேண்டும். உயரமானவர்களுக்கும் மல்லாந்து படுத்தே பழகியவர்களுக்கும் இது சிறு குறை. பொத்தானை அழுத்தினால் தானே சாய்ந்து படுக்கையாகும் இருக்கைகளுக்குப் பழகியவர்கள் முதலில் தயங்கக்கூடும். ஆனால் கவிழ்த்துப் போட்ட பின் கிடைக்கும் பரப்பு சமமாகவும் உறுதியாகவும் இருப்பதால் முதுகுவலி உள்ளவர்களுக்கு அது உதவியாகவே இருக்கும்.

காற்று, ஒலி ஆகிய இரண்டிலும் இந்த விமானம் பழைய விமானங்களைவிடத் தெளிவாகவே மேம்பட்டது. பழைய விமானங்களில் உள்ளே நிலவும் காற்றழுத்தம் 8,000 அடி உயரமுள்ள மலையின் மீது இருப்பதற்குச் சமமாக இருக்கும். ஏ350இல் அது 6,000 அடிக்கு இணையாக வைக்கப்படுகிறது. கோடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருப்பதை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு எளிதில் பிடிபடும். இறங்கியபின் தலைபாரமும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதை நான் உணர்ந்தேன். எஞ்சின் ஓசையும் குறைவு. எல்லாரும் உறங்கும் நேரத்தில் அடுத்த வரிசையில் இருமுபவரின் ஒலிகூடக் கேட்கும் அளவுக்கு அமைதி இருக்கிறது, ஆகவே காதடைப்பான் எடுத்துச் செல்வது நல்லது. உணவைப் பொறுத்தவரை, கேன்யன் ராஞ்ச் என்னும் அமெரிக்க உடல்நல நிறுவனத்தின் துணையோடு எளிதில் செரிக்கும் உணவு வகைகளை இச்சேவைக்கென்றே வகுத்ததாக நிறுவனம் தொடக்கத்தில் அறிவித்தது. அசையாமல் கிடக்கும் உடலுக்கு அதிக எண்ணெயும் உப்பும் இல்லாத உணவு தேவை என்ற எண்ணம் சரியானது. இந்திய முறைச் சைவ உணவு வேண்டுவோர் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடக்கூடாது, ஏனெனில் வழியில் ஏற்றிக்கொள்ள நிறுத்தமே இல்லாத பயணம் இது.

உடல்நலத்தைப் பற்றிய எச்சரிக்கையை இங்கேயே சேர்க்கிறேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து செல்லும் பயணங்களில் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. மொத்த ஆபத்து சிறியதே என்றாலும், பதினெட்டு மணி நேரம் என்பது அந்த நான்கு மணி நேரத்தின் பல மடங்கு. அறுவைச் சிகிச்சை முடிந்து அண்மையில் மீண்டவர்கள், கருவுற்றிருப்பவர்கள், ஏற்கெனவே இரத்தக் கட்டு வந்தவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இச்சேவைக்குச் சீட்டு எடுக்கக்கூடாது. மற்றவர்களும் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடப்பது நல்லது.

பயண நேரத்துக்கு வருகிறேன். பறக்கும் மணிக்கணக்கு ஒன்று. நாள்காட்டி காட்டும் கணக்கு வேறொன்று. உடல் உணரும் கணக்கு இவை இரண்டிலும் சேராதது. சிங்கப்பூர் நேரம் நியூயார்க் நேரத்தைவிடக் குளிர்காலத்தில் 13 மணியும், அமெரிக்கர்கள் கடிகாரத்தை முன்னகர்த்தும் மார்ச் முதல் நவம்பர் வரையிலான காலத்தில் 12 மணியும் முன்னே இருக்கிறது. அந்தக் கோடைக் கணக்கின்போது முள் கடிகாரம் கட்டியிருப்பவர் அதைத் திருப்பி வைக்கவே வேண்டாம். காலை ஆறு மாலை ஆறாகிவிடும், அவ்வளவுதான். 2018இல் அறிவித்த அட்டவணைப்படி நியூவர்க் செல்லும் விமானம் இரவு 11:35க்குச் சாங்கியை விட்டுக் கிளம்பி, மறுநாள் காலை 6 மணிக்குப் போய்ச் சேரும். பசிபிக் வழியாகச் செல்லும் நாளில் இந்தப் பயணத்துக்குள் நடப்பதைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். கிளம்பி அரை மணியில் சிங்கப்பூர்க் கணக்கில் தேதி மாறிவிடுகிறது. பல மணி நேரம் கழித்துப் பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது பழைய தேதி திரும்புகிறது. அமெரிக்கக் கண்டத்தின் மீது நள்ளிரவு வரும்போது அதே புதிய தேதி இரண்டாம் முறையாகப் பிறக்கிறது. இடையில் குறுகிய பகல் ஒன்று வந்து போகிறது. குளிர்காலத்தில் வடபசிபிக்கின் மேல் அது இன்னும் குறுகிவிடும். இரவில் ஏறி, சிறு பகலைக் கண்டு, இன்னோர் இரவைக் கடந்து, விடிவதற்குள் இறங்குகிறார் பயணி.

திரும்பும் பயணத்தில் நாள்காட்டி இழப்பை உண்டாக்குகிறது. 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்குச் சேவை தொடங்கியபோது வெளியிட்ட அட்டவணையின்படி, நியூயார்க்கில் இரவு 10:30க்குக் கிளம்பும் விமானம் 18 மணி 40 நிமிடம் பறந்து, சிங்கப்பூரில் இரண்டு நாள் கழித்துக் காலை 6:10க்கு இறங்கும். திங்கள் இரவு ஏறியவருக்குப் புதன் காலை. செவ்வாய் என்ற நாள் அவர் வாழ்க்கையில் வானத்திலேயே கழிந்துவிடும். விடுப்புக் கணக்குப் பார்த்துப் பயணம் போகிறவர்கள், திருமணத்துக்கோ தேர்வுக்கோ குறித்த நாளில் போய்ச் சேரவேண்டியவர்கள், பயண நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல் இறங்கும் தேதியைத் தனியே குறித்துக்கொள்ளவேண்டும். புறப்பாட்டு நேரங்களைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுகிறார்கள் என்பதால், சீட்டு எடுக்கும் அன்றைய அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

இனி ஒப்பீடு. இதே நிறுவனம் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட்டில் நின்று நியூயார்க் செல்லும் சேவையையும் நடத்துகிறது. அதில் சாதாரண எகானமி வகுப்பு உண்டு. சிங்கப்பூரிலிருந்து பிராங்ஃபர்ட்டுக்கு ஏறக்குறைய 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க்குக்கு ஏறக்குறைய 6,200. மொத்தம் 16,500. குறைந்தபட்சத் தூரத்தைவிட 1,150 கிலோமீட்டர்தான் கூடுதல். பசிபிக் வழியாகச் சுற்றிப் போகும் இடைநில்லா விமானம் சில நாள்களில் இதைவிட அதிகத் தூரம் பறக்கிறது. அப்படியிருந்தும் பிராங்ஃபர்ட் வழிப் பயணம் ஏறக்குறைய 23 மணி நேரம் எடுக்கிறது. வேறுபடும் நான்கைந்து மணி நேரமும் தூரத்தால் வருவது அன்று. இறங்குவதும் காத்திருப்பதும் மறுபடி ஏறுவதும் தின்றுவிடும் நேரம் அது. ஆகவே இடைநில்லாச் சேவையில் பயணி விலை கொடுத்து வாங்குவது குறைந்த தூரத்தை அன்று, கலையாத நேரத்தை. பதின்மூன்று மணி நேரம் பறந்த பிறகு, நல்ல உறக்கத்தின் நடுவே எழுந்து, கைப்பையைத் தூக்கிக்கொண்டு, ஐரோப்பிய அதிகாலையில் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்கவேண்டியதில்லை என்பதன் மதிப்பு, இறங்கிய அன்றே கூட்டத்துக்குச் செல்லவேண்டிய ஒருவருக்கு மிகப் பெரிது. ஒரு வாரம் மகள் வீட்டில் ஓய்வெடுக்கப் போகிறவருக்கு அத்தனை பெரிதன்று. அதைப்போலவே, நடுவில் இறங்கிக் காலை நீட்டி நடப்பதையே விரும்பும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கௌரவத்துக்காக இடைநில்லா விமானத்தில் ஏற்றுவதைவிட, பிராங்ஃபர்ட் விமானத்தில் நல்ல இருக்கையாகப் பார்த்து ஏற்றுவது அன்பான செயல்.

தமிழகத்திலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் இச்சேவையைப் பற்றி அடிக்கடி கேட்பதால், அந்தக் கணக்கையும் இங்கே வைக்கிறேன். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். லண்டன் வழியாகச் சென்றால் ஏறக்குறைய 13,800. துபாய் வழியாகச் சென்றால் ஏறக்குறைய 13,950. அதாவது இவை இரண்டும் கிட்டத்தட்ட நேர்வழியிலேயே இருக்கின்றன. சிங்கப்பூர் வழியாகச் சென்றாலோ 18,250 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தொலைவில், தலைக்கு 2,900 கிலோமீட்டரில், எதிர்த்திசைகளில் இருக்கின்றன. ஒன்றை நோக்கிப் பறப்பவர் நியூயார்க்கை நெருங்குகிறார், மற்றொன்றை நோக்கிப் பறப்பவர் விலகிச் செல்கிறார். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல், சாங்கியில் காத்திருப்பு, பிறகு பதினெட்டு மணிக்கு மேல் என்று கூட்டினால் ஒரு முழு நாளைத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் உறவினரைப் பார்த்து இரண்டு நாள் தங்கிச் செல்கிறவருக்கு இது பொருந்தும். ஜகார்த்தா, கோலாலம்பூர், பெர்த் ஆகிய ஊர்களில் வாழும் தமிழர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

கடைசியாக, நியூயார்க்குக்கு இரண்டு விமான நிலையங்களில் எதைத் தேர்வது என்ற கேள்வி. வான்வழித் தூரத்தில் கென்னடிக்கும் நியூவர்க்குக்கும் இடையே வெறும் ஐந்து கிலோமீட்டர் வேறுபாடு, நியூவர்க் 15,344. தரையில்தான் பெரிய வேறுபாடு. நியூவர்க் இருப்பது நியூஜெர்சி மாநிலத்தில், ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே. எடிசன், ஜெர்சி சிட்டி போன்ற, இந்தியர்கள் திரளாக வாழும் ஊர்களுக்குச் செல்கிறவர்கள் நியூவர்க்கையே எடுக்கவேண்டும். கென்னடியில் இறங்கினால் நியூயார்க் நகரத்தின் போக்குவரத்து நெரிசல் முழுவதையும் கடந்து ஆற்றைத் தாண்டவேண்டியிருக்கும், மாலை வேளையில் அதற்கே இரண்டு மணி நேரம் ஆகக்கூடும். குவீன்ஸ், லாங் ஐலண்ட், புரூக்ளின் ஆகிய பகுதிகளுக்குச் செல்கிறவர்களுக்குக் கென்னடி வசதி. மன்ஹாட்டனுக்குச் செல்கிறவர்களுக்கு இரண்டும் சமம். நியூவர்க்கிலிருந்து மன்ஹாட்டனின் பென் ரயில் நிலையத்துக்கு ரயில் இருக்கிறது, கென்னடியிலிருந்து விமான நிலைய ரயிலான ஏர்டிரெயினில் ஜமைக்கா ரயில் நிலையம் சென்று ரயில் மாறலாம். பதினெட்டு மணி நேரம் பறந்து நான்கைந்து மணி நேரத்தை மிச்சம் பிடித்தவர், தவறான பக்கத்தில் இறங்கி அதில் பாதியைச் சாலையில் இழந்துவிடக்கூடாது. சீட்டு எடுப்பதற்கு முன் போய்ச் சேரவேண்டிய வீட்டின் முகவரியைக் கேட்டு வாங்கி, அது ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.